வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

1

என் தங்கை திலகாவுக்குக் காரோட்டத் தெரியாது. அதனால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. அவளுக்கு மலேசியாவில், புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை. குவாலா சிலாங்கூர் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீர் வடிந்து ஓர் ஓடையில் சேர்கிறது. அங்கே அவள் பாட்டிலில் தண்ணீர் எடுப்பாள். நான் ஐஸ்பெட்டியைத் தூக்குவேன்.

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய வரி: ‘ஓடை எங்களிடம் ஏதோ சொல்ல...’

அடித்துவிட்டேன். ஓடை ஒன்றும் சொல்லவில்லை. ஏழு திங்கட்கிழமைகள் எடுத்த தண்ணீரும் சுத்தம் என்றே முடிவு வந்தது. மீன்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன.

2

சொன்னது ஒரு பெண். (வேண்டுமென்றேதான் பெயர் போடவில்லை. அதே தோட்டத்தில் முதுகில் பம்பு மாட்டி மருந்தடிப்பவர். வேலை போய்விடும்.)

“ஏம்மா, நீ திங்கக்கெழமயே வர்றியே! நாங்க மருந்தடிக்கிறது வியாழக்கெழம. வெள்ளி காலையில தோட்டத்துத் தண்ணி வடியிற பைப்பத் தொறந்து விடுவாங்க. அம்புட்டும் இங்கதான்லா வருது.”

“இதச் சொன்னா ஒங்களுக்குத்தானே வம்புக்கா?” என்றாள் திலகா.

“இந்த மீனத்தான் எங்க லயத்து வீட்டுப் புள்ளைங்க திங்குது.”

3

வெள்ளிக்கிழமை. காலை ஏழிலிருந்து அரைமணிக்கு ஒரு பாட்டில். நான்காவது பாட்டிலில் பூச்சிமருந்து அனுமதித்த அளவைப்போல் ஒன்பது மடங்கு. ‘திலகாவின் கண்களில்...’ வேண்டாம். அவள் சொன்னதை எழுதுகிறேன்:

“ஒரு நாள்னா ஆக்சிடெண்ட்டுன்னு சொல்லிருவாங்கண்ணே. இன்னும் மூணு வெள்ளி வரணும்.”

போனோம். மூன்றிலும் அதே கதைதான்.

4

முடிவுகளைச் சொல்லத் தோட்ட அலுவலகத்தில் கூடிய கூட்டத்தில் நிர்வாகி கேட்டது ஒரே கேள்வி: எந்த நாள் வரவேண்டும் என்று உங்களுக்குச் சொன்னது யார்?

“தண்ணியப் பத்திக் கேளுங்க சார்,” என்றாள் திலகா.

அறிக்கை அதிகாரிகளிடம் போனது. மீன் பிடிக்கக்கூடாது என்று ஓடையோரம் பலகை நட்டார்கள். பைப்பை யாரும் மூடவில்லை. மருந்தடித்த நாளுக்குச் சாட்சி வேண்டுமாம்.

5

இதுவரை எழுதியதைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோய், தகவல் சொன்ன அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். ‘ஒரு பெண்’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“யாரு அது? பேரில்லாத பொம்பளையா? தாயம்மான்னு எழுதுங்க. சாட்சிக்கு நான் வர்றேன்னு ஒங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன்.”

“வேலை போயிரும்க்கா.”

“போவும். தெரியாமயா சொல்றேன்?”

[இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பைப்பை மூடுகிறார்கள். மற்றதில் தாயம்மாவை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். இரண்டையும் அடித்துவிட்டேன்.]

வருகிற புதன்கிழமை விசாரணை. தாயம்மா என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். கேட்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரியாது. அந்த வரியை நான் எழுதமாட்டேன். கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்றால், நீங்களே எழுதுங்கள்.