மத்தியஸ்தர் வைத்த மெஷின்

கட்சியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மத்தியஸ்தர் என்று சொன்னால்தான் தெரியும். பிழைப்புக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்வார். மிச்ச நேரத்தில் நகர சபை உறுப்பினர். கட்சிக்குள் எங்கே இரண்டு பேர் முறுக்கிக்கொண்டு நின்றாலும் நடுவில் போய் உட்காருவார். இவர் சொன்னதில் பாதி, அவர் சொன்னதில் பாதி என்று வெட்டித் தைத்து, இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சட்டையாக்கிக் கையில் கொடுத்துவிடுவார். அச்சகம் நடத்தும் அக்கா ஒருத்தி கட்சியில் இருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "இவரு கை வெச்ச லிஃப்ட் எந்த மாடியிலயும் நிக்காது. ரெண்டு மாடிக்கு நடுவுலதான் நிக்கும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்குக் காலையில் அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அண்ணி வாசலில் நின்றாள். ஹோட்டல் ஒன்றில் துணி தேய்க்கிற வேலை அவளுக்கு. வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறாள்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். மழுப்பாம சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணி. உள்ள வாங்க முதல்ல."

"உக்கார நேரமில்ல. உங்க அண்ணன் தினம் மத்தியானம் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான் போறேன்னு கிளம்புறாரு. வந்து, வயிறு நெறைய சாப்பிட்டேன்கிறாரு. ஆனா சாயங்காலம் வந்ததும் சட்டியைச் சுரண்டுறாரு. பெல்ட்டுல ஆணி வெச்சுப் புதுசா ஓட்டை போட்டிருக்காரு. நான் பார்க்கலைன்னு நெனப்பு."

"வேற ஏதாவது உடம்புக்கு…"

"டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாரு. எனக்கு வேற சந்தேகம்கூட வந்துச்சு. ஆனா தொடுப்பு வெச்சிருக்கிற ஆம்பளை கொஞ்சம் பூசின மாதிரியாவது இருப்பானே! இவரு குச்சியா ஆயிட்டாரு. நீங்கதானே அந்தக் கூடத்துக்கு எல்லாம். இன்னைக்கு ஒரு எட்டு போய்ப் பாருங்க."

பார்க்கிறேன் என்றார். எப்படியும் போக வேண்டிய நாள்தான். மாலையில் கட்சிக் கூட்டம். சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றித்தான் பேச்சு.

அந்தக் கூடம் கட்சி ஆரம்ப காலத்தில் போராடி வாங்கியது. மத்தியானம் யார் வேண்டுமானாலும் போகலாம். வங்கிக் குமாஸ்தா, தெரு கூட்டுகிறவர், வேலை தேடி வந்தவர் எல்லாருக்கும் ஒரே மேஜை, ஒரே தட்டு, காசு கிடையாது. பிறகு கட்சி கையிலிருந்த நகர சபைக்குக் கை இறுகியது. கட்சிப் பொருளாளர் இழுத்து மூடலாம் என்றார். அச்சகத்து அக்கா, பணக்காரர்களுக்கு வரி போடு, கூடத்தில் கை வைக்காதே என்றாள். கட்சி இரண்டாகப் பிளக்கப் போகிறது என்று வெளியே பேச்சு கிளம்பியபோதுதான் மத்தியஸ்தர் எழுந்து ஒரு வழி சொன்னார். வசதி உள்ளவர்கள் காசு கொடுக்கட்டும். இல்லாதவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்போம்.

அட்டையில் ஏமாற்றுவார்கள் என்றார் பொருளாளர். வாசலில் நின்று ஏழையை விசாரிக்க விட மாட்டேன் என்றாள் அக்கா. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஒரு மெஷின். "மனுஷனை மனுஷன் கேள்வி கேக்க வேண்டாம் தோழர்களே. அட்டையை வெச்சா பச்சை விளக்கு எரியும், சத்தம் வரும், அவ்வளவுதான்." கைதட்டல் அடங்க நேரமானது. பத்திரிகையில் மெஷின் மேல் கை வைத்தபடி அவர் படம் வந்தது. பக்கத்து ஊர்க் கட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மெஷினின் சத்தத்தைக்கூட அவரேதான் கடையில் போய்த் தேர்ந்தெடுத்தார். லிஃப்ட் வந்து நின்றால் மாடி முழுக்கக் கேட்க வேண்டும், அதுதான் நல்ல மணி. அந்தத் தொழில் பழக்கத்தில் இருப்பதிலேயே கணீரென்று ஒலிப்பதாகப் பார்த்து எடுத்தார். பரிமாறுகிறவர்கள் தலை நிமிராமலே தெரிந்துகொள்ளலாம் இல்லையா!

மத்தியானம் அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது சமையல்காரம்மா கரண்டியோடு கையைத் தூக்கினாள்.

"வாங்க தலைவரே! வழி தவறி வந்துட்டீங்களா?"

"கூட்டம் எப்படிம்மா?"

"பார்த்தா தெரியல? பல்லு போன வாய் மாதிரி இருக்கு."

நீள மேஜைகளில் அங்கங்கே நாலைந்து பேர். ஆபீஸ்காரர்கள் ஒரு மூலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது சீருடை போட்ட ஒரு பெண், எங்கோ தரை துடைக்கிற வேலையிலிருந்து நேராக வந்தவள், அட்டையை மெஷினில் வைத்தாள்.

கணீர்.

கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. கரண்டி கீழே விழுந்தால் திரும்பிப் பார்ப்போமே, அப்படித் தலைகள் நிமிர்ந்தன. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்தப் பெண் தட்டை வாங்கிக்கொண்டு கடைசி மேஜைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மெஷினை மாட்டிய நாளில் ஆள் இல்லாத கூடத்தில்தான் அவர் அதைச் சோதித்துப் பார்த்தார். ஆட்களுக்கு நடுவே அது எப்படி ஒலிக்கும் என்று இன்றைக்குத்தான் கேட்கிறார்.

"எங்க அண்ணன் வர்றாரா இங்க?"

"வந்தாரே, அட்டை வந்த புதுசுல. அப்புறம் ஆளைக் காணோம். தம்பி வீட்டுல சாப்பிடுறார் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். எதிர்ப்பக்கம் நூலகம். அதன் பத்திரிகை அறை ஜன்னலில் அண்ணனின் முதுகு தெரிந்தது. எத்தனை பேர் நடுவிலும் அந்த முதுகு அவருக்குத் தெரியும். அப்பா போன பிறகு அவரைத் தொழில் படிக்க அனுப்பி, வீட்டைத் தூக்கி நிறுத்திய முதுகு.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் காலியாக இருந்த இடமெல்லாம் இங்கே நிரம்பியிருந்தது. மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து ஆட்கள். ஆளுக்கொரு தாளாகப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாதிப் பேர் அவருடைய வார்டு. அட்டைக்குக் கையெழுத்து போட்டுக் கொடுத்தவரே அவர்தான். யாருடைய வயிறோ நீளமாக உறுமியது. உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திருப்பினார்கள்.

அண்ணன் விளையாட்டுப் பக்கத்தை வைத்திருந்தார். பந்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிற மனிதர்.

இருவரும் வெளியே படிக்கட்டுக்கு வந்தார்கள்.

"என்ன தம்பி, இந்த நேரத்துல? வேலை இல்லையா?"

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ஆச்சு ஆச்சு."

"எங்க?"

அண்ணன் தெருவைப் பார்த்தார். "அவ வந்தாளா உன்கிட்ட?"

"அட்டை என்னாச்சுண்ணே?"

"பத்திரமா பர்ஸுல இருக்கு. தம்பி கையெழுத்து போட்டது, தூக்கியா போடுவேன்? இங்க பாரு, நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. நல்ல எண்ணத்துலதான் செஞ்ச. உள்ள போனா ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்குறதில்ல. ஒரு வார்த்தை பேசுறதில்ல. அதான் அந்த மெஷினே எல்லாத்தையும் பேசிடுதே!"

அவர் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தார்.

"முத நாள் எனக்குப் பின்னாடி யாரு நின்னான்னு நெனக்கிற? அட்டைப்பெட்டி ஃபாக்டரியில எனக்குக் கீழ லோடிங்ல இருந்தானே, அவன். இப்ப லாரி ஓட்டுறான். சத்தம் கேட்டதும், நான் சங்கடப்படக் கூடாதுன்னு குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட ஆரம்பிச்சுட்டான். நல்ல பய. ஆனா அவன் கால்ல கெடந்தது செருப்புடா."

அண்ணன் சிரித்தார். தம்பியால் சிரிக்க முடியவில்லை.

"முன்னாடியும் அந்தக் கூடத்துலதானே சாப்பிட்டோம். வேலை இருந்தப்பவும் சாப்பிட்டேன், வேலை போனப்பவும் சாப்பிட்டேன். எவன் வீட்டுல அடுப்பு எரியல, எவன் ருசிக்கு வந்தான்னு எவனுக்குத் தெரியும்? இப்ப ஊருக்கே அடிச்சுச் சொல்லுது."

"இன்னைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லிடுறேன்ணே."

"எதை?"

"இப்ப நீங்க சொன்னதைத்தான்."

அண்ணனின் குரல் இறங்கியது. "என் மானத்தைத் தட்டுல வெச்சு உன் கூட்டத்துல பரிமாறப் போறியா? உள்ள ஒரு கும்பலே உக்காந்திருக்கு, அவங்களையும் சேர்த்துக்கயேன். என் பேரை எடுத்த, அப்புறம் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"பக்கத்துக் கடையில ஏதாவது சாப்பிடலாம், வாங்க."

"வேலைக்குப் போடா. சாயங்காலம் கூட்டத்துல பார்க்கலாம்."

"நீங்களும் வர்றீங்களா?"

"நீ பேசுற நாள்ல நான் என்னைக்கு வராம இருந்தேன்?"

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஒரு லிஃப்டின் உச்சியில் உட்கார்ந்து கம்பிகளுக்கு மசகு போட்டபடி என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் வைத்த மெஷின் தப்பு. எடுத்துவிடலாம். பழையபடி எல்லாருக்கும் ஒரே தட்டு. மூன்றே வாக்கியம். யார் பேரும் வேண்டியதில்லை.

கூட்டத்தில் பொருளாளர்தான் முதலில் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. கட்சிக் காசில் ஒரு டீ குடிக்க மாட்டார். காலர் நைந்த சட்டைதான் எப்போதும்.

"அட்டையில சாப்பிட வர்றவங்க பாதிக்கும் கீழ குறைஞ்சுட்டாங்க, தோழர்களே. தேவை குறைஞ்சிருக்கு. இது நம்ம மத்தியஸ்தர் திட்டத்தோட வெற்றி. அதனால வாரத்துல ரெண்டு நாள் கூடத்தை மூடலாம்னு தீர்மானம் கொண்டு வர்றேன்."

அச்சகத்து அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தாள். "தேவை குறையல, வர்றவங்க குறைஞ்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணா? இல்லாதவனுக்கு மட்டும்னு ஒரு சாப்பாடு போட்டா, அந்தச் சாப்பாடும் தேயும், சாப்பிடுறவனும் தேய்வான். உள்ளவனும் பக்கத்துல உக்காரணும். அப்பத்தான் குழம்புல உப்பு இல்லைன்னா கேக்க ஆள் இருக்கும்."

"வசதியா இருக்கிறவன் தட்டுக்கும் வரிப் பணமா? ஆஸ்பத்திரியில கட்டில் இல்லாம நோயாளி தரையில படுத்திருக்கான். அதுக்குப் பதில் சொல்லுங்க."

"வரியை வாங்க வேண்டியவன்கிட்ட வாங்கினா கட்டிலும் வரும், தட்டும் வரும்."

"வாங்கப் போனா அடுத்த தேர்தல்ல நாமளே இருக்க மாட்டோம் தோழர்!"

"இருந்து என்னத்தைக் கிழிச்சோம்?"

சிரிப்பும் கூச்சலுமாக ஆனது. பொருளாளர் மேஜையைத் தட்டினார். "சரி, வராதவங்க எங்க போனாங்க? பசியோட இருக்காங்கன்னா ஒரு ஆளைக் காட்டுங்க. ஒரே ஒரு ஆளு. நான் தீர்மானத்தையே வாபஸ் வாங்கிக்கிறேன்."

எல்லார் தலையும் மத்தியஸ்தர் பக்கம் திரும்பியது. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது. எப்போதுமே அப்படித்தான் படும்.

எழுந்து நின்றார். கடைசி வரிசையில் அண்ணன் தேய்த்த சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் அண்ணன் தரையைப் பார்த்தார்.

மூன்று வாக்கியங்களும் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் முதல் வாக்கியம் வெளியே வரவில்லை. பேரை எடுக்காதே என்று அண்ணன் சொல்லியிருக்கிறாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. நான் வைத்த மெஷின் தப்பு என்று சொல்ல அண்ணன் பேர் எதற்கு? வாயைக் கட்டியது அண்ணனுடைய மானம் இல்லை. பத்திரிகையில் வந்த படம்.

"ஆளைக் காட்டுறதெல்லாம் முடியாது தோழர்," என்றார். "ஆனா ஒரு சின்னக் குறை இருக்கு. மெஷின் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. நான் வெச்சதுதானே, நானே குறைச்சுத் தர்றேன். கூடத்தை ரெண்டு நாள் மூட வேண்டாம். ஒரு நாள் மூடுவோம். ஆறு மாசம் பார்ப்போம்."

அறையே மூச்சு விட்டது. பொருளாளர் முகம் தெளிந்தது. "அதான் மத்தியஸ்தர்!" என்று யாரோ கத்தினார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்த கை கடைசி வரிசையிலிருந்து வந்தது. அண்ணன் கை. நன்றாக மேலே தூக்கியிருந்தார், தம்பிக்குத் தெரிகிற மாதிரி. அச்சகத்து அக்கா கையைத் தூக்கவில்லை. அவரைப் பார்த்து ஒரு கேலிகூடச் செய்யவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அவரைச் சும்மா விட்டது அன்றைக்குத்தான்.

கூட்டம் முடிந்ததும் டீயும் பன்னும் வந்தன. எல்லாக் கூட்டத்திலும் வருவதுதான். பொருளாளர் ஒன்று எடுத்தார். அக்கா ஒன்று எடுத்தாள். அண்ணனும் ஒன்று எடுத்து, பேச்சுவாக்கில் மென்றபடியே யாரிடமோ தலையாட்டிக்கொண்டிருந்தார். பன் இரண்டே கடியில் போய்விட்டது. காலிக் கையை டீக் கப்பின் அடியில் மறைத்துக்கொண்டார்.

மத்தியஸ்தர் டீக்காரரிடமிருந்து தட்டை வாங்கினார். நேரே கடைசி வரிசைக்குப் போகாமல் முதல் வரிசையிலிருந்து தொடங்கினார். "எடுங்க தோழர். ஒண்ணுதானா? இன்னொண்ணு எடுங்க. மிச்சமானா வீணாப் போயிடும்." வேண்டாம் என்றவர்களையும் விடவில்லை. பொருளாளர் கையில் வலுக்கட்டாயமாக ஒன்றைத் திணித்தார். "என்னய்யா, இன்னைக்கு இவருக்கு என்ன வந்துச்சு?" என்று சிரித்தார்கள். வரிசை வரிசையாக வந்து அண்ணன் முன்னால் நின்றபோது, அது எல்லாருக்கும் நீட்டிய தட்டு. அவ்வளவுதான்.

அண்ணன் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"நல்லா பேசின தம்பி," என்றார்.

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், அவர் அடுத்த ஆளிடம் நீட்டினார்.