ராக்காயியின் பெருவிரல் காட்டிய பக்கம்

1950ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து ராக்காயியின் வலது கால் பெருவிரல் கொழும்பைக் காட்டியபடி இருந்தது. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்தெடுத்தாள். அங்கிருந்து கொழும்பு மேற்கே. அவள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் விரல் மெல்ல நகர்ந்து மேற்கே போய் நிற்கும். மேற்குக்கு முதுகைக் காட்டி நின்றால் பக்கத்து விரல்கள் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு பின்பக்கம் போக இழுக்கும், வலி உயிர் போகும். விரலின் அடிமூட்டில் எலும்பு புடைத்து, முதல் வருடம் புளியங்கொட்டை அளவிலும் நாலாம் வருடம் எலுமிச்சை அளவிலும் இருந்தது. கங்காணி சோலைமலை நல்ல மனுஷன். மலைச்சரிவில் மேற்கே பார்த்த தேயிலை நிரையாகத் தேடி அவளுக்குக் கொடுத்து வந்தார்.

காரணம், வரிசை வீடுகளாக இருந்த அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் மண்சரிவில் போன பிறகு, பத்து வயது மகள் அழகம்மாவை ராக்காயி கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர்தான் ரயிலேற்றிக் கூட்டிப்போனார். "மூணு வேள சோறு திம்பா, அழுவாத," என்றார். விலாசம் கேட்டு வாங்க அவளுக்கு வாய் வரவில்லை. அய்யாமாரிடம் அப்படியெல்லாம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்துவிட்டாள். அடுத்த வருடம் கிளாக்கர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய், அங்கே செத்தும் போனார். மிஞ்சிய விலாசம் அந்த விரல்தான்.

தோட்டத்து மருந்துக்காரர் முத்துலிங்கம் இந்த நோயைப் புத்தகத்தில் படித்துத் தெளிவாகச் சொன்னார். முன்பக்கம் ஒடுங்கிய சப்பாத்து போடுவதால் வருவது, ஆகவே ஒடுங்கிய சப்பாத்து போடக் கூடாது. ராக்காயி பிறந்ததிலிருந்து எந்தச் சப்பாத்தும் போட்டவள் இல்லை என்பதால் அந்த வைத்தியம் முதல் நாளே பூர்த்தியாகிவிட்டது. அடுத்தது உப்புப் போட்ட வெந்நீர், விரலிடுக்கில் பஞ்சுருண்டை, காலுக்கு ஓய்வு. வெந்நீரும் பஞ்சும் கிடைத்தன. ஓய்வு தோட்டத்தில் கிடைக்கிற சாமான் இல்லை. பஞ்சுருண்டையை விரல் தினமும் தள்ளி வெளியே போட்டது.

1957 ஏப்ரலில், வருடப் பிறப்புக்கு நாலு நாள் முன்னால், விரல் கிழக்கே திரும்பியது. லயமே வந்து பார்த்தது. கொழும்புப் பணக்காரர்கள் சீசனுக்குக் கிழக்கே நுவரெலியா போகிற மாதம் அது, வேலைக்காரப் பிள்ளைகளையும் கூட்டிப்போவார்கள். கொழுந்து கொட்டுகிற மாதமும் அதுதான், லீவு கிடையாது. ராக்காயி ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்து, ஒரு பொட்டலம் முறுக்கோடு, நுவரெலியாவுக்கு இறங்குகிற நானுஓயாவுக்கு ரயிலேறினாள். விரல் எஞ்சினைப் பார்த்தபடி இருந்தது. தலவாக்கலையில், கொழும்புக்குப் போகிற ரயிலுக்கு வழிவிட்டு வண்டி நின்றது. அந்த ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து நின்றபோது விரல் பக்கவாட்டில் திரும்பி ஜன்னலுக்கு நேராக நின்றது. எதிர்ப் பெட்டியில் பதினேழு பதினெட்டு வயதில் நாலைந்து பெண்பிள்ளைகள் இருந்தார்கள். எது தன் பிள்ளை என்று அவளுக்குத் தெரியவில்லை. "அழகம்மா!" என்று கத்துவதற்குள் அந்த ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது, விரலும் அதோடு பின்னால் போய்விட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தாள். முறுக்கை லயத்துப் பிள்ளைகள் தின்றார்கள்.

அதற்குப் பிறகு விரல் கிழக்கே திரும்பவே இல்லை. கொழும்புக்கே போய், விரல் காட்டுகிற தெருக்களில் நடந்து பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவள் நம்பினாள். ஆனால் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகவே ஊன்றுகோல் வேண்டியிருந்தது. 1960இல் முத்துலிங்கம் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எலும்பைச் செதுக்கி விரலை நிமிர்த்திவிடலாம், நாலு மாதத்தில் எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்றார் டாக்டர்.

"நிமுத்துன பொறகு திரும்புமாங்க?"

"இனி ஒரு நாளும் திரும்பாது, பயப்படாதீங்க."

ராக்காயி கட்டிலை விட்டு இறங்கி வந்துவிட்டாள். வழி தெரிந்த கால் நடக்காது, நடக்கிற காலுக்கு வழி தெரியாது. அவள் வழியை வைத்துக்கொண்டாள்.

1964 ஐப்பசியில், தோட்டத்து ஆட்களில் பாதிக்கு மேல் இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தமாகிவிட்டது என்று லயமெல்லாம் பேச்சாக இருந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விரல் நிமிர்ந்தது. புடைப்பு வற்றிவிட்டது. முத்துலிங்கம் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பதினாலு வருடத்துப் பஞ்சு வேலை செய்துவிட்டதென்று சந்தோஷப்பட்டார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க. ஒண்ணுமே இல்லீங்க."

அவள் ஊன்றுகோலைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தலை முழுகினாள். அதற்குப் பிறகு அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வந்து கூட உட்கார்ந்தாள்.

எட்டாம் நாள் சோலைமலை கொழும்பிலிருந்து வந்த ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து வாசித்தார். காய்ச்சல், மூன்று நாள், அடக்கம் செய்தாயிற்று. அந்த வீட்டுக்காரர்களுக்குத் தோட்டத்தின் பெயர் பதினாலு வருடமாகத் தெரிந்திருந்தது. கடுதாசியின் மேலே அவர்களுடைய விலாசமும் சுத்தமாக எழுதியிருந்தது.

"தெரியுங்க கங்காணியய்யா," என்றாள் ராக்காயி. "செவ்வாக்கெழம காலையில. தேத்தண்ணி குடிச்சிக்கிட்டிருந்தேன்."

கருமாதி முடிந்த மறுநாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு அவள்தான் முதல் ஆளாகப் போய் நின்றாள். இப்போது அவளால் கொழும்பு வரைக்கும் நடக்க முடியும். சோலைமலை வழக்கம்போல, "எந்தப் பக்கம் நெர வேணும், ராக்காயி?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கமா இருந்தா என்னங்க."

கிழக்கே பார்த்த நிரை ஒன்று மிச்சமிருந்தது. கூடையை மாட்டிக்கொண்டு அதில் இறங்கினாள்.