மாப்பிள்ளையின் மஞ்சள் கை

என் மனைவியின் தம்பி அஸ்கி கட்டாரில் வேலை செய்கிறான். அங்கே பொரித்த கோழியும் சோடாவுமாகவே வயிற்றை நிரப்பி, முகமெல்லாம் பரு. கல்முனையில் பெண் பேசி முடித்ததும் ஆளுக்குத் திடீரென்று தோலில் அக்கறை வந்துவிட்டது. இரண்டு மாதமாய்க் காலையில் கரட், பகலில் பூசணிக்காய், இரவில் பப்பாசி. பரு போனது உண்மை. முகமும் பளபளவென்றுதான் இருந்தது. என்னைக் கேட்டால் ஆம்பிளைக்கு இதெல்லாம் தேவையில்லாத வேலை.

நிக்காஹ் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. அதற்கு முன் பெண்வீட்டில் பகல் சாப்பாடு. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கை வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நான், எதிரே பெண்ணின் வாப்பா அப்துல் ஸமட் ஹாஜியார். புரியாணி வாசம் என் வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு பெரியவர் துஆ ஓத, எல்லோரும் கையேந்தினோம். ஆமீன் சொல்ல வேண்டிய இடத்தில் ஹாஜியாரின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அஸ்கியின் உள்ளங்கை இரண்டும் மஞ்சள்.

"என்ன மகன், கையெல்லாம் மஞ்சளா இரிக்கி?"

"கரட் சாப்பிட்டன் மாமா."

"சாப்பிட்டீங்களா, கையில பூசினீங்களா?"

சஹனில் இருந்த மற்ற மூவரும் மெல்லக் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒருவர் "செங்கமாரி வருத்தம்" என்று முணுமுணுத்தார். மஞ்சள் காமாலை நோய்க்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நாலு சஹன் தாண்டி அந்தச் சொல் குசினி அடுப்படிக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"செங்கமாரி எண்டா கண்ணும் மஞ்சளாகும். இவன்ட கண்ணப் பாருங்க, வெள்ளையாத்தானே இரிக்கி," என்றேன். பசித்தால் எனக்குக் குரல் கொஞ்சம் கூடும். யாரும் கண்ணைப் பார்க்கவில்லை.

"கரட் கண்ணுக்கு நல்லம் எண்டு கேள்விப்பட்டிரிக்கன். ஆளே கரட்டாகிற கதைய இப்பதான் கேக்கன்," என்றார் ஹாஜியார். "யார் உங்களுக்கு இதச் சாப்பிடச் சொன்ன?"

அஸ்கி தலை குனிந்தான். "போனில பாத்தன் மாமா."

"அப்ப ரத்தத்தச் செக் பண்ணுங்க. சுகமாகினதுக்குப் பிறகு நிக்காஹ்வ வெப்பம்."

அவனுக்கு லீவு இன்னும் ஒன்பது நாள்தான். விட்டால் அடுத்த லீவு ஒன்றரை வருஷம் கழித்து. வாயைத் திறந்து ஒரு வார்த்தை வாதாடக் கூடாதா? எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து கல்யாணப் பெண் அப்னா கூப்பிட்டாள்.

"வாப்பா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்க."

ஹாஜியார் எழுந்து போனார். கூட்டமே காதைத் தீட்டிக்கொண்டது.

"என்ட உள்ளங்காலப் பாருங்க. கையில மருதோண்டி இரிக்கிறதால தெரியல்ல."

ஹாஜியார் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

"இதுவும் மஞ்சளா இரிக்கி! எத்தின நாளா?"

"ரெண்டு மாசம். நான்தான் அவருக்குச் சொன்ன வாப்பா. நான் சாப்பிடுறதப் போட்டோ எடுத்து அனுப்புவன், அவரும் அனுப்புவார்."

நிக்காஹ்வுக்கு முன் இரண்டு பேரும் கதைக்கவே கூடாது என்பது ஹாஜியார் போட்ட சட்டம். அஸ்கி ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடையன், கல்யாணமே நின்றாலும் அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹாஜியார் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எதை வெளியே விடுவது என்று அவருக்கே தெரியவில்லை.

"மௌலவிக்கு கோல் எடுத்து, சொன்னபடி அஸருக்கே நிக்காஹ் ஓத வரச் சொல்லுங்க," என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம். ஒரே வீட்டில கிடந்து சுகமாகட்டும்."