கன்னத்தில் அடக்கிய சர்க்கரை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கம்பளியைக் காலுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குலாந்தாம் டீச்சரின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் மஹாபாத் ஊரின் சதுக்கத்தில், குர்துகளான எங்களுக்கென்று ஒரு நாடு பிறந்த காலையில், பள்ளிப் பெண்பிள்ளைகளைப் பனியில் வரிசையாக நிறுத்திப் புது நாட்டின் பாட்டைப் பாடவைத்தவள் அவள். கொம்பு ஊதியதும் வலது கை நெஞ்சுக்குப் போக வேண்டும், பாட்டு தொடங்க வேண்டும். பிறகு தினமும் அதே பழக்கம்தான். அந்த நாடு ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. மறுபடி பனி விழுந்தபோது ஈரான் மன்னர் ஷாவின் படை ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் மொழியில் அச்சடித்த பாடப்புத்தகங்களை அம்மாக்களே ரொட்டி அடுப்பில் போட்டு எரித்தார்கள். தளபதியை வரவேற்கப் பள்ளிப் பிள்ளைகள் அதே சதுக்கத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

தளபதி வரும்போது அந்த இடத்தில் கொம்பு ஊதினால் எங்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதானே!

"பாடாதீங்கடின்னு ஒரு அதட்டு போட்டா முடிஞ்சுது," என்றாள் பள்ளியைப் பெருக்கும் ஆஃப்தாவ், டீச்சரிடம்.

"பெரியவளுக அடங்கிடுவாளுக, அக்கா. ஹப்சா சின்னப் புள்ள. தூக்கத்துலகூடப் பாடுறாளாம். ஒருத்தி ஆரம்பிச்சா போதும், எல்லாரையும் சுட்டுருவானுக."

"வேணும்னா என் ரொட்டியால வாய அடைச்சு விடேன். இருவது வருஷமா என் புருஷன் வாய் அப்படித்தான் அடைஞ்சு கெடக்கு."

டீச்சர் வீட்டுக்கு ஓடி, தன் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த கூம்பு வடிவச் சர்க்கரைப் பாளத்தை எடுத்துவந்து சுத்தியலால் உடைத்தாள்.

சதுக்கத்தில் ஒவ்வொருத்தி வாயிலும் ஒரு கட்டி.

"கடிக்காதீங்க. டீ குடிக்கிறப்ப வைக்கிற மாதிரி கன்னத்துல அடக்கிக்கங்க. வாயத் தொறந்தா விழுந்துரும், என் கண்ணுகளா." அவள் விரல் என் பல்லில் இடித்தது.

கொம்பு ஊதியது. வாய்கள் திறக்கவில்லை. ஆனால் கைகள் தாமாகவே எழுந்து நெஞ்சுக்குப் போய்விட்டன. கைகளை அவள் மறந்தே போயிருந்தாள்.

தளபதி எங்களைப் பார்த்தார். தனக்கு வைத்த வணக்கம் என்று நினைத்திருப்பார். தானும் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார். அதோடு போயிருக்கலாம். மெல்ல நடந்து வந்து ஹப்சாவின் முன்னால் குனிந்தார்.

"எவ்ளோ அழகா நிக்கிறே! உனக்கு ஒரு பாட்டு தெரியுமா, பாப்பா?"

ஹப்சா திரும்பி டீச்சரைப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தில் புடைப்பு இல்லை, சர்க்கரை கரைந்துவிட்டிருந்தது. உதடுகள் பிரிந்தன. குளிரில் முதலில் வந்தது வெள்ளை மூச்சு மட்டும்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகளின் வாய்க்குப் போகும் இனிப்பு, இனிப்பதற்கு மட்டுமே போகட்டும்.