சிதம்பரம் போனவள்

சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டுப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார் சௌந்தரபாண்டியன். மகள் புஷ்பலதா அப்பளம் வைக்கக் குனிந்தபோது, "திருவனந்தபுரத்துக்கே போயிரேன் ஆத்தா" என்றார். அவள் மதுரையில் இன்டர்மீடியட் முடித்திருந்தாள். பட்டப்படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போட்டதில் இரண்டிலுமே இடம் கிடைத்துவிட்டது. சிதம்பரம் ஒன்று, திருவனந்தபுரம் ஒன்று. எங்கே போனாலும் தாவரவியல்தான். எந்த இடத்துக்கு என்று இந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"அங்கதான் நல்லாச் சொல்லிக்குடுப்பாகன்னு ஒங்க டீச்சரே சொன்னாகள்ல?"

"சொன்னாங்கப்பா."

"பெறகென்ன. ஞாயித்துக்கெழமையானா ஒரு எட்டுப் போயி அவளையும் பாத்துக்கிறலாம். என்னால வருசத்துக்கு ரெண்டு தரத்துக்கு மேல முடியல."

அவர் சொன்னது புஷ்பலதாவின் அம்மா சண்முகத்தாயை. திருவனந்தபுரத்தில் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளைச் சேர்த்து ஒன்பது வருடமாகிறது. போடியில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் இவர்கள் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. சேர்த்த பிறகு புஷ்பலதா அம்மாவைப் பார்த்ததில்லை. அவள் கேட்கவில்லை, அவரும் கூட்டிப் போகவில்லை.

அப்போது அவர்கள் மலையில், ஏலத்தோட்டத்திலேயே குடியிருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் கைக்குழந்தையான தம்பி மலைக்காய்ச்சலில் நடுங்கி நடுங்கியே செத்துப்போனான். போர்த்தியது போதவில்லை, போதவில்லை என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் எட்டு வயதுப் புஷ்பலதாவின் கையைத் தொட்டுப் பார்த்து, "குளுருதே" என்றாள். ஏலக்காய் உலர்த்தும் அறைக்குள் மகளை விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். அறைக்கு அனல் கொடுக்கும் வெளியடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே இருந்தாள். காய் பறிக்க வந்திருந்த ராக்கு, பிள்ளையின் கதறல் கேட்டு ஓடி வந்து திறந்தபோது, அனல் போகும் தகரக்குழாய்மேல் விழுந்து புஷ்பலதாவின் இடது முழங்கை வெந்திருந்தது. "இப்பத்தான்டி பிள்ளைக்குச் சூடு ஏறுது, ஏன் தொறந்த?" என்று அம்மா ராக்குவை அடிக்கப் பாய்ந்தாள். அம்மா தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று நினைக்க முடிந்திருந்தால் புஷ்பலதாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படி இல்லை என்பது அந்த அறைக்குள் இருக்கும்போதே அவளுக்குத் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

"ஒருக்கப் போயிப் பாத்துட்டுச் சொல்றேன்ப்பா" என்றாள்.

குமுளி, கோட்டயம் என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். வழியெல்லாம் மழை. முதலில் கல்லூரியைப் பார்த்தார்கள். தாவரவியல் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில் ஏலப்பூ, உதட்டின் ஊதாக் கோடுகள் வெளிறிப்போய் மிதந்தது. பிறந்ததிலிருந்து காலடியில் கிடந்த பூ. அதன் உள்ளே இத்தனை அடுக்கு இருப்பதை அன்றுதான் கண்டாள். அங்கிருந்த ஆசிரியை அவளை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நகர மனமில்லாமல் பார்த்தாள். திரும்பும்போது அப்பாவின் முகத்தில் பல வருடமாக இல்லாத ஒரு தெளிச்சி இருந்தது. "நல்ல எடமாத்தான் தெரியுது" என்றார். அவளும் ஆமாம் என்றாள். பொய்யில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தன்னை அடையாளம் தெரியாது என்று நினைத்துத்தான் புஷ்பலதா தைரியமாக வந்திருந்தாள். அம்மா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"லதா. வளந்துட்டியே ஆத்தா."

பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். தோட்டத்தில் காய் எப்படி என்று அப்பாவிடம் விசாரித்தாள். எல்லாம் சரியான கேள்விகள். அப்பா ஒரு பக்கமாகத் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

"லதா இங்கயே படிக்கப் போகுது. வாரா வாரம் ஒன்னயப் பாக்க வரும்" என்றார்.

அம்மா மகளின் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மழையில் நனைந்து வந்த கை. மெல்லத் தேய்த்தாள். பிறகு வேகமாகத் தேய்த்தாள்.

"சில்லுன்னு இருக்கே. ஏங்க, பிள்ளைக்குக் குளுருதே, பாக்கலையா நீங்க? வரட்டும். வாரா வாரம் வரட்டும். நான் பாத்துக்கிறேன்."

தேய்த்த இடம் எரிந்தது. புஷ்பலதா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "வர்றேம்மா" என்றாள். பணிப்பெண் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது.

பஸ் நிலையத்தில் அப்பா இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார். டம்ளரின் சூடு உள்ளங்கையில் பட்டதும் அதைப் பெஞ்சியில் வைத்துவிட்டாள்.

"சிதம்பரத்துக்குப் பணம் கட்டிருங்கப்பா."

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"அவ ஒன்னய ஒண்ணுஞ் செய்யமாட்டா ஆத்தா. பூட்டுப் போட்ட எடம்."

"தெரியும்ப்பா."

"பெறகு?"

அவள் தன் டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தினாள். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. போடிக்கு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் போய்ச் சிதம்பரத்துக்குப் பணத்தை அனுப்பிவிட்டு வந்தார்.

சிதம்பரத்தில் விடுதி வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபோதுதான் அதைப் பற்றி மறுபடி பேசினார். "இனி மாசாமாசம் நானே போயிக்கிறேன். அவ ஒன்னயக் கேட்டா, பரீச்சைன்னு சொல்லிக்கிறேன்." குதிரைவண்டியில் ஏறியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அறையில் மாயவரத்துப் பெண் ஒருத்தி முன்பே வந்திருந்தாள். பெயர் வேதவல்லி. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் அம்மா செய்து கொடுத்ததையெல்லாம் தகர டின்னிலிருந்து எடுத்துக் காட்டினாள். பேச்சுவாக்கில் கேட்டாள்.

"உங்கம்மா வரலையா? அப்பா மட்டுந்தான் வந்தாரா?"

"அம்மா இல்ல" என்றாள் புஷ்பலதா.

வேதவல்லியின் கை டின்னுக்குள்ளேயே நின்றது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எழுந்து வந்து, இருந்ததிலேயே பெரிய முறுக்காகப் பார்த்து எடுத்து, புஷ்பலதாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "சாப்பிடு. இனிமே எங்கம்மா அனுப்புறதெல்லாம் நம்ம ரெண்டு பேருக்கும்." சாப்பிடும்வரை நகரமாட்டாள் போல எதிரிலேயே நின்றாள். புஷ்பலதா ஒரு துண்டைக் கடித்தாள். நல்ல மொறுமொறுப்பு. அது நொறுங்கும் சத்தம் அந்தக் காலி அறை முழுக்கக் கேட்டது. அவள் மென்றுகொண்டே இருந்தாள்.