சத்தமில்லாமல் ஓடிய பம்ப்

வீட்டுக்குள் நுழைந்ததுமே அமலராணிக்கு ஏதோ ஒன்று குறைவது தெரிந்தது. செருப்பைக் கழற்றி, கைப்பையை மாட்டி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அது என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது. ஒரு வாரமாகக் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்த, கடல்நீர் மீன் தொட்டியின் பம்ப் வாயே திறக்கவில்லை.

நின்றுவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தாள். நிற்கவில்லை. நேற்று வாங்கியதுபோல வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தண்ணீரின் மேல், மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் மினுங்குமே, அதுபோல் வானவில் நிறத்தில் ஒரு படலம். அழுக்கை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் நுரையே இல்லை. காளான் பவளங்கள் எல்லாம் சுருண்டிருந்தன. நடுப்பாறையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து ஆடும் கடல் சாமந்தி, பூ மாதிரி இருக்கும் அந்தப் பிராணி, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒடுங்கிப்போயிருந்தது. அதை விட்டு ஒரு சாண் விலகாத இரண்டு கோமாளி மீன்களும் மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"என்னங்க! இங்க கொஞ்சம் வாங்க!"

அற்புதசாமி கொல்லைப்பக்கமிருந்து வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர். பணிமனைச் சங்கு ஊதும்போது இப்போதும் தட்டிலிருந்து பாதியில் எழுந்துவிடுவார். இந்த ஒரு வருஷத்தில் வீட்டிலிருந்த மிக்ஸி, மின்விசிறி, இரும்புக் கதவு, பக்கத்து வீட்டு இரும்புக் கதவு எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டார். தொடக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தது ஒரே ஒரு பொருளைத்தான்.

"பம்பை என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. நல்லாத்தானே ஓடுது?"

"அதான் கேக்குறேன். ஏன் இவ்வளவு நல்லா ஓடுது?"

அவர் தொட்டியைப் பார்த்தார். படலத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"ரெண்டே ரெண்டு சொட்டு, ராணி. தையல் மெஷின் எண்ணெய். ஷாஃப்ட் காஞ்சு கத்துது. அதைக் கேட்டுக்கிட்டு மனுஷன் எப்படிச் சோறு திங்கறது?"

"அந்தப் பம்புக்குத் தண்ணிதாங்க எண்ணெய்! வேற எதுவும் போடக்கூடாது."

"தண்ணி எப்படி எண்ணெயாகும்?" என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆறு வருஷத்துக்கு முன் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் இப்படி ஒரு தொட்டியை அவள் முதலில் பார்த்தாள். வேர் சிகிச்சைக்கு மூன்று முறை போகவேண்டியிருந்தது. நான்காவது முறை பல்லுக்காகப் போகவில்லை. சமையலுக்கும் ஆகாத, படிப்புக்கும் ஆகாத, யாருக்கும் எதற்கும் பயன்படாத ஒன்று தனக்கே தனக்கென்று வேண்டும் என்று அப்போது தோன்றியது. அப்படித் தோன்றியதில் இருந்த கூச்சம் இன்னும் போகவில்லை. யாராவது வந்து தொட்டியை வியந்தால், 'சும்மா, பொழுதுபோக்கு' என்பாள். பொழுது எங்கே இருந்தது போக்குவதற்கு? கல்லூரியில் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் அவள். இப்போது செமஸ்டர் தேர்வு நேரம் வேறு.

அழ நேரமில்லை. பம்பை நிறுத்தினாள். கிறுக்கிப் பழகட்டும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்திருந்த, அச்சுப் பிசகிய விடைத்தாள்கள் ஒரு கட்டு இருந்தது. வெற்றுப் பக்கங்களாகக் கிழித்து ஒவ்வொன்றாய்த் தண்ணீர் மேல் பரப்பினாள். தாள் நனைந்ததும் மெல்ல உரித்து எடுத்தால் படலமும் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்பது தாளுக்குப் பிறகு வானவில் மங்கியது. அற்புதசாமி குப்பைக் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நாலு சொட்டு இருக்கும்" என்றார் கூடையிடம்.

மறுநாள் மாலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனாள். அங்கே உத்தர வீதியில் பாலமுரளி இருந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அவனும் இதே பைத்தியம். அவள் போனில் சொன்னபடி, எண்ணெயை உறிஞ்சும் கரி இரண்டு கிலோ எடுத்து வைத்திருந்தான். ஒரு பம்பையும் இரவல் கொடுத்தான்.

"தையல் மெஷின் எண்ணெயா மேடம்? தேங்காயெண்ணெய் கேள்விப்பட்டிருக்கேன். இது புதுசு" என்று சிரித்தவன், உடனே சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான். "பாறை, பவளமெல்லாம் தாங்கிடும். தண்ணியைப் பாதியாவது மாத்துங்க. ஆனா அந்தச் சாமந்தி மேல ஒரு கண்ணு இருக்கட்டும். நடுவுல வாய் இருக்கில்ல, அது பிளந்து அப்படியே கிடந்துச்சுன்னா யோசிக்காம எடுத்துப் போட்டுடுங்க. உள்ளேயே செத்து அழுகினா ஒரே ராத்திரியில மொத்தத் தொட்டியும் போயிடும்."

"எடுத்துப் போடறதுன்னா?"

"எடுத்துப் போடறதுதான் மேடம்."

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். தனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்தாள். அவர் தொட்டதாலா? அது மட்டுமில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கென்று அவள் வைத்திருந்த நோட்டில் அதற்கு ஒரு கட்டமே இருந்தது. தேர்வு வேலையில் மார்ச் மாதம் கழுவவில்லை. ஏப்ரலிலும் இல்லை. ஆனால் இரண்டு கட்டத்திலும் 'சரி' போட்டிருந்தாள். காலியான கட்டத்தைப் பார்த்தால் அவளால் தூங்க முடியாது. இருபத்தெட்டு வருஷ அலுவலகப் பழக்கம். பம்ப் கத்தியது சுண்ணாம்பு படிந்ததால்தான். அவர் எண்ணெய் போட்டது, அவள் செய்யாமல் விட்ட வேலைக்கு. இதை அவரிடம் சொல்லிவிடலாம் என்று பாலத்தில் தோன்றியது. பொன்மலைக்கு வந்து சேர்ந்தபோது தோன்றவில்லை.

கையிலிருந்த கடலுப்புக் கலவை ஒரு வாளித் தண்ணீருக்குத்தான் வந்தது. புதிது சென்னையிலிருந்து வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள் கடையில். அவள் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அற்புதசாமி யாருக்கோ போன் போட்டார்.

"டேய் ரெஜிஸ், மொத சனிக்கிழமைதானே? வேளாங்கண்ணி போறேல்ல? எட்டுக் கேன் தரேன். கடல் தண்ணி வேணும்... ஆமாண்டா, தண்ணிதான். குடிக்கலைடா நான்."

"கரையில பிடிக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள் அமலராணி அவசரமாக. "ஜனங்க குளிக்கிற எடம். படகுல உள்ள போய் எடுக்கணும்."

ரெஜிஸ் பணிமனையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். சனிக்கிழமை சாயங்காலம் ஆம்னி வேன் முனகிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. விசைப்படகெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேறி நிற்க, நாகப்பட்டினத்தில் ஒரு ஃபைபர் படகுக்காரரைப் பிடித்து நூற்றறுபது லிட்டர் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணி, நடுக்கடல் தண்ணி! வழியில போலீஸ் நிறுத்தி மோந்து பாத்துட்டு என்னையே பாக்குறான். திருச்சில அண்ணன் வீட்டுல கடல் வத்திப் போச்சு சார்ன்னேன். மாதா கோவில் எண்ணெயும் ஒரு பாட்டில் இருக்கு, தரட்டா?"

"எண்ணெய்ப் பேச்சே இந்த வீட்டுல எடுக்காதீங்க!" என்றாள். நான்கு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

உப்பளவும் சூடும் பார்த்து, துணியில் வடிகட்டி, பழைய தண்ணீரை இறக்கிப் புதியதை ஏற்றினார்கள். அவளுக்குத் தோள்பட்டை வலி. கேனைத் தூக்கியதெல்லாம் அவர்தான். கடைசிக் கேனைச் சாய்க்கும்போது, "ஒரு மூடி" என்றார்.

"என்னது?"

"எண்ணெய். சொட்டு இல்ல. மூடியில ஊத்தி ஊத்தினேன்."

அவள் காலிக் கேனை வாங்கி ஓரமாக வைத்தாள். அவருக்காவது மூன்று தவணையில் உண்மை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கிம்மரில் நுரை வந்தது. திங்கட்கிழமை காளான் பவளங்கள் விரிந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கடல் சாமந்தி வாய் பிளந்து கிடந்தது.

பாறை மேல் வெள்ளையாய், தளர்ந்து, நடுவில் ஒரு ஓட்டை. அமலராணி கையைத் தண்ணீருக்குள் விட்டாள். எடுத்துவிட்டாள் வெளியே, வெறுங்கையாக. மறுபடியும் விட்டாள். மணி ஏழரை. ஒன்பதரைக்கு வினாத்தாள் உறை பிரிக்கும்போது அவள் அங்கே இருந்தாக வேண்டும். தேர்வு நேரத்தில் எல்லோரும் கைபேசியை அலமாரியில் பூட்ட வேண்டும். அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

"இங்க பாருங்க" என்றாள். குரல் அலுவலகக் குரலாகிவிட்டது. "பன்னண்டு மணி வரைக்கும் பாருங்க. வாய் மூடலைன்னா பாறையிலேருந்து எடுத்து வாளியில போட்டுடுங்க. எனக்காகக் காத்திருக்க வேணாம்."

"நானா? தொட்டியில கை விட்டா?"

"நீங்கதான்."

சொல்லிவிட்டு, நோட்டை எடுத்து மார்ச், ஏப்ரல் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "இந்த ரெண்டு 'சரி'யும் பொய். நான் கழுவல. அதான் கத்துச்சு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பதற்குள் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அன்று கல்லூரியில் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஆனபோது கண்ணை மூடிக்கொண்டாள். பாறையிலிருந்து அது உரிவது தன் உள்ளங்கையில் தெரிவதுபோல் இருந்தது. ஒரு மணிக்கு அலமாரியைத் திறந்து போன் செய்தாள்.

"எடுத்தாச்சா?"

"எடுக்கல."

"வாய் மூடிடுச்சா?"

"பன்னண்டுக்கு மூடல. பிளந்துதான் கிடந்துச்சு."

"அப்புறம் ஏங்க எடுக்கல? தெளிவாச் சொல்லிட்டுத்தானே வந்தேன்!"

"அடியில விரலை விட்டு நெம்பிப் பாத்தேன், ராணி. பிடி விடல. தண்ணியை மோந்தும் பாத்தேன், நாத்தமில்ல. பிடிச்சுக்கிட்டு இருக்குற போல்ட்டை நான் எதுக்குக் கழட்டணும்? அது விடட்டும், நான் எடுக்குறேன்னு நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டேன்."

"இப்போ?"

"வந்து பாரேன்."

விடைத்தாள் கட்டுகளை எண்ணி முத்திரை வைத்துவிட்டு மூன்று மணிக்கு வீடு வந்தாள். தொட்டிக்கு எதிரே நாற்காலியில் அவர், பனியனோடு, வலது கை முழங்கைவரை நனைந்து காய்ந்து உப்புப் பூத்து. பாறை மேல் கடல் சாமந்தி விரிந்திருந்தது. முழுத்தட்டு அளவு இல்லை. ஒரு சாஸர் அளவு. வாய் மூடியிருந்தது. நுனிகளில் பழைய இளஞ்சிவப்பு. பெரிய கோமாளி மீன் அதன் நடுவில் புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தது, சின்னது இடம் கேட்டு முட்டிக்கொண்டிருந்தது.

அமலராணி தரையில் உட்கார்ந்தாள்.

"விடைத்தாள்ல பொய் போட்டா என்ன தண்டனை, மேடம்?" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

"மூணு வருஷம் எழுத முடியாது."

"அப்ப மூணு வருஷம் பம்பை நான் கழுவுறேன். வினிகர்லதானே?"

"வினிகர் மட்டும்தான்."

"சரி, சரி." ஆள்காட்டி விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் சின்னதாய் ஒரு சிவப்பு. "இதைப் பாரு. மறுபடியும் பிடி பாக்கலாம்னு ரெண்டு மணிக்குக் கை விட்டேன். அந்தப் பெருசு வந்து நறுக்குனு கடிச்சுடுச்சு. என்னா கோவம் அதுக்கு!"

கடி வாங்கியவர் முகத்தில் விருது வாங்கிய களை. இந்த ஆறு வருஷத்தில் அந்த மீன் அவளைத் தவிர வேறு யாரையும் கடித்ததில்லை. நெஞ்சின் ஓரத்தில் பொறாமை சுருக்கென்று குத்தியதை அமலராணி கவனித்தாள். நன்றாகக் கவனித்து, சிரித்து, அவர் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஒரு கடியா?" என்றாள். "பசியில்லாம கடிச்சிருக்கு. நாளைக்குத் தீனி போடறப்போ கை விடுங்க, அப்பத் தெரியும்."