நாலரை மணி வெயில்

...எந்த நேரமும் சரி என்று எழுதியது அவள் கைதான், வேறு யாரைக் குறை சொல்ல, விழாக் குழு அனுப்பிய படிவத்தில் எத்தனை மணிக்கு மேடை வேண்டும் என்று தெளிவாக ஒரு கட்டம் இருந்தது, இருட்டிய பிறகு என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் போதும், எழுதினாளா, கேட்டால் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்து தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், இப்போது பூங்கா நடுவே, நாலரை மணி வெயிலில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் முட்டி போட்டிருக்கிறாள், கையில் தோலில் வெட்டிய கொக்கு, பக்கத்தில் விளக்கு, அது எரிகிறதா என்பதே தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. வெளியே 'எல்லா நாட்டுக் கலைஞர்களும் இங்கே, அனுமதி இலவசம்' என்று பெரிய பதாகை, சிரிப்பு, குழந்தைகளின் கூச்சல், இத்தனை வெளிச்சத்தில் நிழலாட்டம் காட்ட வந்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அடுத்து வாசிக்க வேண்டிய மேளக்காரர் எட்டிப் பார்த்தார், "என்னக்கா, சூரியனுக்கே விளக்குப் பிடிக்கிறீங்க? எனக்குப் பிரச்சனையே இல்ல, சத்தத்துக்கு வெயிலும் ஒண்ணுதான், மழையும் ஒண்ணுதான்" என்றார், அவளும் சிரித்தாள், சிரித்தபடியே திரை ஓரமாக முன்வரிசையை எட்டிப் பார்த்தாள்.

அந்த அம்மாள் வந்துவிட்டார், குடியேற்ற அலுவலகத்து அம்மாள், முன்வரிசையில், மடியில் பழுப்புக் கோப்பு, ஐந்து மணி வரைதான் இருப்பாராம், ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து, இவள் கலைஞர்தான் என்று ஒரு கையெழுத்து, அது விழாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான், மகள் நேற்றுதான் அடுத்த வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள், மூலைகளை எவ்வளவு பொறுமையாக மடித்தாள்... போனில் கணவன், "அந்தம்மா வந்தாச்சா? பாப்பா கேக்குறா, கொக்கு இன்னிக்கு மீனப் பிடிச்சிடுமா, விட்டுடுமான்னு." வந்தாச்சு என்று மட்டும் சொன்னாள், வெயிலைப் பற்றி எப்படிச் சொல்வது, சொன்னால் முதலில் ஏன் கேட்கவில்லை என்பான், ஏன் கேட்கவில்லை? ஓட்டல் சலவைக்கூடத்தில் எந்த ஷிஃப்ட் வேண்டும் என்றார்கள், எதுவானாலும் சரி என்றாள், வீட்டுக்காரர் கீழறையா மேலறையா என்றார், எதுவானாலும் சரி, பல் மருத்துவர்கூட எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டபோது எந்தப் பக்கமானாலும் என்று வாய் தொடங்கிவிட்டது, ஏழு வருடமாக அந்த ஒரே பதில், இந்தத் திரைகூடச் சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட படுக்கை விரிப்புதான், எதுவானாலும் சரி என்று வாங்கி வந்தது.

கொக்கைத் திரையில் ஒட்டிப் பிடித்தாள், அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது என்று அவளுக்கே தெரியும், வெயில் பார்க்க வந்தவர்களின் முதுகுப் பக்கமிருந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது, அப்போதுதான் பார்த்தாள், திரை காலியாக இல்லை, முன்வரிசைக்காரர்களின் நிழல் அத்தனையும் அதில் விழுந்திருந்தது, ஒரு தொப்பி, குழந்தையைத் தோளில் வைத்த ஒருவர், ஆடும் இரட்டைப் பின்னல், இத்தனை வருட ஆட்டத்தில் இவள் எப்போதாவது எதிரே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறாளா, இன்று அவர்கள் ஆடுகிறார்கள், இவள் பார்க்கிறாள், நடுவில் குனிந்த ஒரு தலை, மடியில் சதுரமாக ஒன்று, அதன் மேல் ஒரு பேனா, அசைகிறது, எழுதுகிறதா, எழுதியதை அடிக்கிறதா, நிழலில் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும்... "அம்மா, ஆரம்பிக்கலாமா? இதே நேரம் ஓகேதானே?" திரையின் ஓரத்தில் மேடைப் பொறுப்பாளரின் முகம், மஞ்சள் சட்டை, கழுத்தில் விசில், நல்ல மனுஷன்தான், இவளுடைய நாக்கு பழகிய இடத்துக்குப் போய் நின்றுகொண்டது, எந்த... எந்த நேரம்... கொக்கின் குச்சி உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது.

"இல்லைங்க," என்றாள், யாருடைய குரல் இது, இவ்வளவு சத்தமாக, "எனக்கு இருட்டு வேணும்."

பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். திரையில் அந்தப் பேனா அசைவதை நிறுத்தியது, குனிந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது, இந்தப் பக்கம்தான் பார்க்கிறது, கோபமாகவா, நிழலுக்கு முகம் ஏது, அவள் கொக்கை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.